வாசகர் கருத்துகளைக் கையாள்வது எப்படி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

பதினோரு வருடம் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் வேலை பார்த்தேன். அதில் ஏழு வருடம், கட்டுரைகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதுவதைப் படித்து எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று பார்ப்பதுதான் வேலை. வலைப்பதிவுக் காலத்து ஆட்கள் அதற்கு மட்டுறுத்தல் என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் என் பெயர் 'கமெண்ட் அக்கா'.

வேலையை விட்ட பிறகும் கேள்விகள் விடவில்லை. சின்னதாகத் தளம் நடத்தும் தம்பி தங்கைகள், இணைய இதழ்க்காரர்கள், ஊர்ச் செய்தி போடுகிறவர்கள் என்று யாராவது கூப்பிட்டு அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாமே என்று எழுதியது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டவை. நோட்டீஸே கைக்கு வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

கமெண்ட் பகுதி கட்டாயம் வைக்கணுமா அக்கா? இல்லேன்னா வாசகர்கள் கோச்சுக்க மாட்டாங்களா?

கட்டாயம் இல்லை. பெரும்பாலானவர்கள் அது இல்லாததைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2016 ஆகஸ்டில் தன் தளத்தில் கருத்துப் பகுதியை மூடியது. அதற்கு முந்தைய ஜூலை மாதம் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட 3.3 கோடி பேர். கருத்து எழுதியவர்கள் 19,400 பேர், அதாவது 0.06 சதவீதம். ஆனால் அந்தச் சின்னக் கூட்டம் ஒரே மாதத்தில் எழுதித் தள்ளியது 4,91,000 கருத்துகள். கருத்துப் பகுதியில் கேட்பது மொத்த வாசகர்களின் குரல் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

வைப்பதா வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் ஒரே கேள்வி: ராத்திரி 11 மணிக்கு மேல் வருவதை யார் படிப்பார்கள்? ஆள் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து, வரும் கடிதங்களில் நல்லவற்றை வாரம் ஒருமுறை தனிப் பக்கமாகப் போடுங்கள். அச்சுப் பத்திரிகைகள் 'ஆசிரியருக்குக் கடிதம்' என்று காலம் காலமாகச் செய்வதுதான். அதில் ஒரு கௌரவமும் இருக்கிறது.

படிச்சுப் பார்த்துட்டு விடறதா, விட்டுட்டு அப்புறம் தூக்கறதா? எது சரி?

இதற்கும் ஆள் கணக்குதான். முதலில் படித்துவிட்டு விடும் முறையில் விபத்து குறைவு, உரையாடலும் குறைவு. காலையில் எழுதியவருடைய கருத்து மாலையில் வந்தால் அவர் திரும்பி வந்து பார்க்க மாட்டார். உடனே வெளியாகும் முறையில் பேச்சு சூடாக நடக்கும். ஆனால் நீங்கள் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும்.

என் பழக்கம் கலப்பு முறை. புதியவரின் முதல் மூன்று கருத்துகள் காத்திருக்கும், படித்த பிறகு வெளியாகும். அதற்கு மேல் அவர் எழுதுவது நேராக வெளியாகும். குற்றச் செய்தி, சாதி மோதல், மதம் தொடர்பான கட்டுரைகளில் எல்லாருக்கும் முன்கூட்டியே படிப்பதுதான். இரவு 10 முதல் காலை 7 வரை பூட்டு. "இப்போது படிக்க ஆள் இல்லை, காலை 7 மணிக்குத் திறக்கும்" என்று ஒரு வரி போட்டோம். யாரும் சண்டைக்கு வரவில்லை. மளிகைக் கடையே ராத்திரி ஷட்டரை இறக்குகிறது.

ஒரு ஆள் எவ்வளவு கமெண்ட் பார்க்க முடியும்?

நியூயார்க் டைம்ஸில் 2017 வாக்கில் 14 பேர் நாளொன்றுக்குச் சுமார் 11,000 கருத்துகளைப் பார்த்தார்கள். தலைக்கு 800-க்குக் கொஞ்சம் குறைவு. அது அதே வேலையாக உட்கார்ந்தவர்களின் கணக்கு. அப்படியும் அவர்கள் தங்கள் கட்டுரைகளில் பத்தில் ஒன்றில் மட்டுமே கருத்துப் பகுதியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

நீங்கள் கட்டுரையும் எழுதி, படமும் தேடி, இடையில் இதையும் பார்க்கிறவர் என்றால் நாளைக்கு நூறு தாண்டினாலே களைப்பு வந்துவிடும். களைப்பு வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள், அல்லது எரிச்சலில் நல்லதையும் தூக்கிவிடுவீர்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

எதை எல்லாம் எடுக்கணும்னு ஒரு விதி எழுதிக் கொடுங்களேன்.

பெரிய விதிப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. கருத்து எழுதும் பெட்டிக்கு மேலே மூன்று வரி போதும்: கட்டுரையைப் பற்றி எழுதுங்கள், ஆளைத் திட்டாதீர்கள், யாருடைய முகவரி, ஃபோன் எண், குடும்ப விவரத்தையும் போடாதீர்கள். விளம்பர இணைப்பு, மிரட்டல், சாதி மத இழிவு இதெல்லாம் எடுக்கப்படும் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? ஆனாலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னால் "எங்கே சொன்னீங்க?" என்று கேட்பவர் உண்டு.

திட்டறதுக்கும் விமர்சனத்துக்கும் கோடு எங்க போடறது? என் கட்டுரையைக் கிழிச்சு எழுதினா எடுக்கலாமா?

"இந்தக் கட்டுரை குப்பை, மூன்றாவது பத்தியில் உள்ள கணக்கே தப்பு" - இது நிற்கட்டும். "இதை எழுதினவன் குப்பை" - இதை எடுத்துவிடலாம். கருத்தில் ஆளைப் பற்றிய சொற்களை நீக்கிப் பாருங்கள். மிச்சம் ஏதாவது இருந்தால் அது விமர்சனம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வசவு.

உங்கள் கட்டுரையைக் கிழித்ததை நீங்களே நீக்கக் கூடாது. தளத்தில் இன்னொருவர் இருந்தால் அவர் முடிவு செய்யட்டும். ஒற்றை ஆள் தளம் என்றால் ஒரு ராத்திரி நிறுத்திவைத்துவிட்டு, காலையில் காபி குடித்த பிறகு படியுங்கள். பாதிக் கோபம் இறங்கியிருக்கும், அவர் சொன்னதில் பாதி சரி என்றும் தெரிந்துவிடும்.

கெட்ட வார்த்தை லிஸ்ட் ஒண்ணு போட்டு ஆட்டோமேட்டிக்கா தடுத்துட்டா போதாதா?

இதைக் கேட்காதவர் இல்லை. நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம். பட்டியலில் 'நாய்' என்று போட்டோம். 'நாயே', 'நாயை', 'நாயா' எல்லாம் தப்பித்துப் போயின. தமிழில் சொல்லோடு விகுதி ஒட்டி உருவம் மாறும், புள்ளி போய்விடும். சரி, 'நாய' என்று போட்டுவிட்டால் எல்லாம் மாட்டும் என்று ஒரு புத்திசாலி சொன்னார். அந்தப் புத்திசாலி நான்தான். மறுநாள் காலை, அறுபத்து மூன்று நாயன்மார்கள் பற்றிய தொடருக்கு வந்த கருத்துகள் அத்தனையும் நின்றுபோயிருந்தன. மதுரை நாயக்கர் மகால் பற்றி எழுதியவர், படத்தின் கதாநாயகியைப் பாராட்டியவர் எல்லோரும் வரிசையில் காத்திருந்தார்கள். அது தேர்தல் நேரம் வேறு. 'ஜனநாயகம்' என்று எழுதிய ஒருவர்கூட உள்ளே வர முடியவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த கதி இல்லை. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களை ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி கணக்குத் தொடங்கவே விடவில்லை. ஊர் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்தது. தமிழுக்கென்று இன்னும் சில தொல்லைகள் இருக்கின்றன. யூனிகோடில் 'கொ' என்பதை ஒரே துணையெழுத்தாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. 'கௌ'வுக்குப் பதில் 'கெ'யும் 'ள'வும் சேர்த்து அடிப்பவர்கள் ஏராளம். உங்கள் நிரலாளரிடம் முதலில் எழுத்துகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் நடுவில் புள்ளி வைப்பார்கள், இடைவெளி விடுவார்கள், தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். ஆகவே பட்டியல் வையுங்கள், ஆனால் நீக்குவதற்கு அல்ல. நிறுத்திவைத்து ஒரு மனிதர் பார்ப்பதற்கு மட்டும்.

அப்போ ஏஐ கிட்ட விட்டுடலாமே? இப்பத்தான் எல்லாம் வந்துடுச்சே.

வரிசைப்படுத்த விடலாம். முடிவெடுக்க விடாதீர்கள். மேலே சொன்ன நியூயார்க் டைம்ஸ் 2017-இல் கூகுளின் துணை அமைப்பான ஜிக்ஸாவோடு சேர்ந்து செய்ததும் அதுதான்: இந்தக் கருத்து நச்சாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கருவி மதிப்பெண் போடும், அதை வைத்து ஆட்கள் வேகமாகப் பார்ப்பார்கள்.

தமிழில் வசவு பெரும்பாலும் வார்த்தையில் இருப்பதில்லை, தொனியில் இருக்கிறது. "ஐயா பெரிய அறிவாளி, கும்பிடறோம் சாமி" என்பதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அதே நேரம் மதுரைக்காரர் நண்பனிடம் உரிமையாக எழுதுவது இயந்திரத்துக்கு அடிதடி மாதிரித் தெரியும்.

கட்டுரையைப் படிக்காமலே தலைப்பைப் பார்த்துட்டு சண்டை போடறாங்க. என்ன செய்ய?

நார்வே அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளமான என்ஆர்கேபீட்டா 2017-இல் ஒரு வேடிக்கை செய்தது. கருத்து எழுதும் முன் கட்டுரையிலிருந்து மூன்று எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரிந்தால்தான் பெட்டி திறக்கும். படித்திருக்கிறாரா என்பது தெரிவதோடு, கோபத்தில் வந்தவர் ஒரு பதினைந்து விநாடி நின்று மூச்சு விடுவார் என்பதுதான் அவர்கள் கணக்கு.

எல்லாக் கட்டுரைக்கும் இது நடைமுறைக்கு ஆகாது. சூடான ஒன்றிரண்டுக்குச் செய்து பார்க்கலாம். எளிய வழி ஒன்றும் உண்டு: பெட்டியைக் கட்டுரையின் கடைசி வரிக்குக் கீழே மட்டும் வையுங்கள், தலைப்புக்குப் பக்கத்தில் 'கருத்து சொல்ல' பொத்தானை வைக்காதீர்கள்.

அனானியா வர்றவங்கதான் பிரச்சினை. சொந்தப் பேர், ஃபோன் நம்பர் கட்டாயம்னு வெச்சா அடங்கிடுவாங்க இல்லையா?

தென்கொரியா அதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. 2007 முதல் பெரிய தளங்களில் எழுத அடையாள எண்ணைக் கொடுத்து உறுதி செய்ய வேண்டும் என்றது. 2011-இல் அங்கே ஒரு பெரிய இணைய நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது.

நம் அனுபவமும் அதுதானே. சொந்தப் பெயர், சொந்தப் படம், பேரக் குழந்தையோடு எடுத்த போட்டோ எல்லாம் வைத்துக்கொண்டு ஃபேஸ்புக்கில் எழுதப்படும் வசவை நீங்கள் பார்த்ததில்லையா? பெயரை மறைத்தவர்களில்தான் ஒரு அரசு ஊழியர் தன் துறையின் ஊழலைப் பற்றி எழுதுவார், ஒரு மருமகள் தன் வீட்டைப் பற்றி எழுதுவார். நிலையான ஒரு புனைபெயர் போதும் என்பது என் கட்சி. அதே பெயரில் தொடர்ந்து எழுதுகிறவருக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றும் அக்கறை வந்துவிடும்.

ஒரே ஆள் பத்துப் பேர்ல வர்றார்னு தோணுது. ஐபி பார்த்துத் தடுத்துடலாமா?

கவனம். மொபைல் இணையத்தில் ஒரே ஐபி முகவரியை நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவரைத் தடுக்கப் போய் ஊரையே தடுத்துவிடுவீர்கள். எனக்கு ஐபியைவிடக் கை எழுத்து உதவியிருக்கிறது. எங்களிடம் ஒருவர் பதினோரு பெயரில் வந்தார்; எல்லாப் பெயரும் 'கருப்பு' என்பதைக் 'கறுப்பு' என்றும், 'முயற்சி'யை 'முயர்ச்சி' என்றும் எழுதின, காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி விட்டன. அவருக்கு மின்னஞ்சல் போட்டு "ஏதாவது ஒரு பெயரில் வாங்க சார்" என்றேன். வந்தார், வருடக் கணக்கில் எழுதினார்.

கட்சிக்காரர்கள் கூட்டமாக வருவது வேறு. ஐந்து நிமிடத்தில் ஒரே வாசகம் நாற்பது முறை வரும். அதில் ஒன்றை விடுங்கள், மற்றவற்றை நிறுத்துங்கள். அந்தக் கருத்து வாசகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாற்பது தடவை போய்ச் சேரத் தேவையில்லை.

கமெண்ட்ல எழுத்துப் பிழை இருந்தா திருத்தலாமா? ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட்டு மீதியை விடலாமா?

கூடாது. முழுதாக விடுங்கள் அல்லது முழுதாக எடுங்கள். அச்சில் வாசகர் கடிதத்தைச் சுருக்கித் திருத்துவது பழைய வழக்கம், 'திருத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டு' என்று போட்டே செய்வார்கள். இணையத்தில் நிலைமை வேறு. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 79 என்று ஒன்று உண்டு. பிறர் எழுதியதற்கு இடம் மட்டும் கொடுத்தவருக்குச் சில நிபந்தனைகளோடு அது பாதுகாப்புத் தருகிறது. அந்த நிபந்தனைகளில் ஒன்று, உள்ளடக்கத்தை நீங்கள் மாற்றியிருக்கக் கூடாது. கை வைத்தால் "இது அவர் எழுதியது, நான் இல்லை" என்று சொல்லும் பலம் போய்விடும். நல்லெண்ணத்தோடு நீக்குவது இதில் சேராது. அந்தச் சட்டத்தின் கீழ் 2021-இல் வந்த விதிகள் அதைத் தெளிவாக்கியிருக்கின்றன.

அப்போ நேராவே கேட்கறேன். வாசகர் எழுதினதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா?

நம் நாட்டில் நிலைமை ஓரளவு தெளிவு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய பிரிவு 66ஏ-வை ரத்து செய்தது. அது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் பிரிவு 79 பற்றிச் சொன்னது அவ்வளவு பேசப்படவில்லை: நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வந்த பிறகும் நீக்காமல் இருந்தால்தான் இடம் கொடுத்தவரின் பாதுகாப்பு போகும். யாரோ ஒருவர் ஃபோனில் "தூக்குடா" என்றதும் தூக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் இது வாசகர் எழுதியதற்கு மட்டும். நீங்கள் எழுதிய கட்டுரைக்கு நீங்களேதான் பொறுப்பு.

வெளிநாட்டுக் கதைகள் தூக்கத்தைக் கெடுக்கும். எஸ்தோனியாவின் டெல்ஃபி தளம், 2006-இல் ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம் பற்றிப் போட்ட செய்திக்கு வந்த 185 கருத்துகளில் 20 வசவாக இருந்தன. புகார் வந்த அன்றே நீக்கினார்கள். ஆனால் அதற்குள் ஆறு வாரம் ஆகியிருந்தது. 320 யூரோ இழப்பீடு என்று உள்ளூர் நீதிமன்றம் சொன்னதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-இல் சரி என்றது.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது மலேசியாகினி வழக்கு. அந்தத் தளத்தில் நீதித்துறையைத் தாக்கி வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக, 2021 பிப்ரவரி 19 அன்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அரசுத் தரப்பு கேட்டதே 2 லட்சம்தான். போலீஸ் சொன்ன 12 நிமிடத்தில் கருத்துகளை எடுத்துவிட்டதாகத் தளம் சொன்னது, எடுபடவில்லை. தளம் யார் கையில் இருக்கிறதோ அவரே வெளியிட்டவர் என்று அனுமானிக்கும் பிரிவு ஒன்று அந்நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அபராதப் பணத்தை வாசகர்களே சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பது கதையின் மற்ற பாதி. உங்கள் தளம் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை வாசகர்களை நம்பி நடக்கிறது என்றால் அந்தந்த ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்.

ஃபேஸ்புக் பக்கத்துல வர்ற கமெண்ட்டுக்கு ஃபேஸ்புக்தானே பொறுப்பு?

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. வோலர் என்பவர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 செப்டம்பரில், செய்தி நிறுவனங்கள் பக்கம் தொடங்கிக் கருத்துகளை வரவேற்றதால் அவற்றை வெளியிட்டவர்கள் அவர்களும்தான் என்று 5-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்த மாதமே சிஎன்என் தன் ஃபேஸ்புக் பக்கங்களை ஆஸ்திரேலியாவில் தெரியாதபடி செய்துவிட்டது. நம் ஊரில் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. இருந்தாலும் தளத்தைப் பூட்டிவிட்டு அதே செய்தியை ராத்திரி ஃபேஸ்புக்கில் திறந்துவிட்டால், பூட்டிய பயன் என்ன? கருத்துகளை நிறுத்திவைக்கும் வசதி அங்கேயும் உண்டு.

பாலியல் குற்றச் செய்திக்குக் கீழ கமெண்ட் திறந்து வைக்கலாமா? நாங்க பேர் எதுவும் போடறதில்லையே.

மூடிவிடுங்கள். இந்தப் பக்கத்திலேயே நான் சமரசமே இல்லாமல் சொல்லும் பதில் இதுதான்.

ஒருமுறை எங்கள் செய்தியாளர் ஊர் பெயரைக்கூடத் தவிர்த்து மிகக் கவனமாக எழுதியிருந்தார். கீழே ஒரு பெண்மணி, மனசு கேட்காமல், "பாவம், எங்க தெருவுக்கு அடுத்த தெருதான்" என்று ஆரம்பித்து அப்பா என்ன கடை வைத்திருக்கிறார், குழந்தை எந்தப் பள்ளி என்று எழுதிவிட்டார். வசவு ஒன்றும் இல்லை, முழுக்க அனுதாபம். அவர் பழைய வாசகர் என்பதால் கருத்து நேராகப் போய்விட்டது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. அந்த நாற்பது நிமிடத்தில் யார் படித்தார்கள் என்பதை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 72. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் பிரிவு 23-உம் சேரும். பெயர் போடாவிட்டாலும் பள்ளி, தெரு, சொந்தக்காரர் என்று துண்டு துண்டாக வந்து அடையாளம் தெரிந்துவிட்டால் அதுவும் அடையாளம்தான்.

சாதி வெறியா எழுதறாங்க, ஆனா எந்தச் சாதிப் பேரும் சொல்றதில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த ஊரில் வளர்ந்தவருக்கு இது புரியும், வடிகட்டிக்குப் புரியாது. நீட் முடிவு பற்றிய செய்திக்குக் கீழே "இந்த டாக்டர்கிட்ட நான் போக மாட்டேன்" என்று ஒரு வரி. ஆணவக் கொலைச் செய்திக்குக் கீழே "பெத்தவங்க வலி யாருக்குத் தெரியும்" என்று ஒரு வரி. இரண்டு வண்ண இதயக் குறிகள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில். பழமொழி சொல்வது மாதிரி ஒரு சாதியை மட்டம் தட்டிவிட்டுப் போவது. வெளியூர்க்காரரிடம் காட்டினால் இதில் என்ன இருக்கிறது என்பார்.

நான் கடைப்பிடித்த வழி: இந்த வரியை அந்தச் சமூகத்துக்காரர் யாராவது படித்தால் தன்னைச் சொல்வதாக உணர்வாரா என்று கேட்டுக்கொள்வது. எனக்கே தெரியாத குறிகளுக்கு, அலுவலகத்தில் வேறு வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்களிடம் காட்டிக் கேட்பேன். திருநெல்வேலிக்காரருக்குத் தெரிவது வேலூர்க்காரருக்குத் தெரியாது. பட்டியல் சாதியினரைப் பொதுவெளியில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு நல்ல கருத்து தவறிப்போனால் எழுதியவர் கேட்பார், அப்போது மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போடலாம்.

பெண்கள் எழுதின கட்டுரைக்கு மட்டும் கமெண்ட் வேற மாதிரி வருது. எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதா?

இல்லை. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2016-இல் தன் தளத்தில் குவிந்திருந்த 7 கோடிக் கருத்துகளை அலசியது. அதிகம் வசைபாடப்பட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மற்ற இருவர் கறுப்பின ஆண்கள். மிகக் குறைவாக வாங்கிக்கட்டிய பத்துப் பேரும் ஆண்கள். பட்ஜெட் பற்றி எழுதினாலும் அவரது புடவையைப் பற்றிக் கருத்து வரும். முகத்தைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி, "வீட்ல சமையல் ஆச்சா" என்று வரும் எதையும் நகைச்சுவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்தாவது கேள்வியில் சொன்ன சோதனையை வையுங்கள், ஒன்றும் மிஞ்சாது.

எழுதியவரிடமே அந்தக் கருத்துகளைப் படிக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். "என்ன பண்ணலாம் சொல்லுங்க" என்று கேட்பது மரியாதை மாதிரித் தெரியும். உண்மையில் வசவை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது அது. மிரட்டல் இருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

எடுத்துட்டா "என் கருத்துச் சுதந்திரத்தைப் பறிச்சுட்டே"ன்னு சண்டைக்கு வர்றாங்க.

அரசியலமைப்பின் 19(1)(அ) முக்கியமாக அரசு உங்களைத் தடுப்பதைப் பற்றியது. ஒரு தளம் தன் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்வது பொதுவாக அதில் வராது. இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "இன்ன காரணத்துக்காக எடுத்தோம், அதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் போடுகிறோம்" என்று ஒரே ஒரு பதில். இரண்டாவது பதில் எழுத ஆரம்பித்தால் உங்கள் மதியம் போச்சு.

கமெண்ட்டுக்கு நாம பதில் போடணுமா? போட்டா தலையில ஏறிடுவாங்களே.

போடுங்கள், அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில். எழுதியவரே வந்து ஒரு நல்ல கேள்விக்குப் பதில் சொன்னால் அதற்குப் பிறகு வருகிறவர்களின் குரலே இறங்கிவிடும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆள் இல்லாத பேருந்து நிழற்குடையில்தானே போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

பிழை காட்டுகிறவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுங்கள். ஏரி மதகு பற்றிய எங்கள் கட்டுரை ஒன்றில் அளவுகள் மாறிப்போயிருந்தன. ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் கருத்தில் வந்து கணக்குப் போட்டுக் காட்டினார். திருத்திவிட்டு, கட்டுரையின் அடியில் அவர் பெயரோடு நன்றி போட்டோம். அதற்குப் பிறகு நீர்நிலை பற்றி எது போட்டாலும் முதலில் அவரிடம் காட்டினோம்.

வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. உடனே டெலிட் பண்ணிடவா?

மறைத்துவையுங்கள், அழித்துவிடாதீர்கள். பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டு, கருத்து, வந்த நேரம், ஐபி, பதிவு விவரம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நீக்கியதை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 விதிகளில் இருக்கிறது. உத்தரவு வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. அதை வக்கீலிடம் அன்றைய தேதிக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், விதிகள் திருத்தப்படுகின்றன.

கருத்து எழுதியவரின் விவரத்தை நோட்டீஸ் அனுப்பியவரிடம் நீங்களாகக் கொடுக்காதீர்கள். முறைப்படி அதிகாரம் உள்ளவர் எழுத்தில் கேட்டால் அது வேறு.

பழைய கட்டுரைகளுக்கு வர்ற கமெண்ட்டை என்ன செய்யறது?

பதினைந்து நாளில் தானாக மூடும்படி வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதில் முக்கால்வாசி கடன் விளம்பரம், வசிய மருந்து, வேலை வாங்கித் தருகிறேன் வகை. அஞ்சலிக் குறிப்புகளுக்கு மட்டும் இந்தக் கெடு வேண்டாம். வருடா வருடம் நினைவு நாளில் மாணவர்களோ தூரத்துச் சொந்தமோ வந்து ஏதாவது எழுதுவார்கள்.

எட்டு வருஷம் முன்னாடி காலேஜ் படிக்கும்போது எழுதின கமெண்ட்டை இப்ப எடுக்கச் சொல்லி ஒருத்தர் கெஞ்சறார். எடுக்கலாமா? கீழ பத்துப் பேர் அதுக்குப் பதில் எழுதியிருக்காங்க.

எழுதியவர் அவர்தானா என்று முதலில் பாருங்கள். அன்று பதிந்த மின்னஞ்சலிலிருந்தே கேட்கட்டும். அவர்தான் என்றால் நான் எடுத்துவிடுவேன். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அவர் பெயரைத் தேடியிருப்பார்கள், பெண் பார்க்கப் போன வீட்டில் தேடியிருப்பார்கள். பத்தொன்பது வயதில் எழுதிய நாலு வரிக்கு அவ்வளவு தண்டனை வேண்டாம். விதிவிலக்கு ஒன்று: எழுதியவர் இன்று பொறுப்பான பொதுப் பதவியில் இருந்து, சொன்னது அந்தப் பதவியோடு தொடர்புடையது என்றால் அது நிற்க வேண்டும்.

பதில் எழுதிய பத்துப் பேர்தான் சிக்கல். மேலே உள்ளதை மட்டும் தூக்கினால் அவர்கள் சுவரோடு பேசுவது மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் "எழுதியவர் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி வைப்பேன். பெயரை எடுத்துவிட்டுக் கருத்தை மட்டும் விடலாமா என்றும் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். கருத்தில் கை வைக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லையா என்று ஒரு தம்பி மடக்கினான். சொற்களைத் தொடவில்லை, எழுதியவர் தானே கேட்டுத் தன் பெயரை எடுத்துக்கொள்கிறார் என்றேன். அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பதில்களில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்களே, அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அப்படியிருந்தால் மொத்தத்தையும் மறைத்துவிட்டு அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். நான் போட்டபோது ஏழு பேரின் முகவரி செத்துப்போயிருந்தது, மூன்று பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர், என் கமெண்ட்டையும் எடுத்துடுங்க என்றார்.